பதினைந்தில் பட்ட அவமானமும் இருபத்தைந்தில் பிடிக்கும் போதையும்

ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள், மீன்பிடித் தடைக்காலம் என்பதால் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், ஏர்வாடி, தொண்டி என்று ராமநாதபுரம் கரை நெடுக அந்த இரண்டு மாதமும் வலை கட்டுவதிலும் எஞ்சின் பிரிப்பதிலும் படகுக்கு வர்ணம் அடிப்பதிலும் போகும். அப்பா வீட்டில் இருப்பார். கையில் காசு இருக்காது. பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை. நடுவே மே மாதத்தில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வரும். தோற்றுப்போன பையனை ஊரே நிறுத்தி விசாரிப்பதும், கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நிற்பதும், பகல் முழுக்கச் செய்ய வேலை இல்லாமல் இருப்பதும் ஒரே சமயத்தில் வந்து சேர்கின்றன. இளம் வயதுப் போதைப் பழக்கத்தைப் பற்றி இந்தக் கரையில் பேச வேண்டுமானால் இந்த மே மாதத்திலிருந்து தொடங்கலாம். ஏனென்றால், போதைப் பொருளைத் தொடுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே மூளையில் அதற்கு இடம் தயாராகிவிடுகிறது. தயார் செய்வதில் பெரும் பங்கு, அந்த வயதில் பிறர் கையால் படும் அவமானத்துக்கு இருக்கிறது.

மன அழுத்தம் என்றால் எல்லாம் ஒன்றல்ல. பரீட்சைக்குப் படிப்பது அழுத்தம்தான். வெயிலில் ஐஸ் பெட்டி தூக்குவதும் அழுத்தம்தான். இவை முடிந்ததும் உடம்பு தணிந்துவிடும். இங்கே பேசுவது வேறு வகை. நாலு பேர் முன்னால் தாழ்த்தப்படுவது, கூட்டத்தை விட்டுத் தள்ளி வைக்கப்படுவது, திருப்பி அடிக்கவும் முடியாமல் விலகிப் போகவும் முடியாமல் பலசாலியிடம் மாட்டிக்கொள்வது. வகுப்பில் 'கவிச்சி வாடை' என்று மூக்கைப் பொத்தும் பெஞ்சு, சாதிப் பெயர் சொல்லி அழைக்கும் கூட்டம், வாட்ஸ்அப் குழுவில் சுற்றும் கேலிப் படம், படகில் முதல் முறை வாந்தி எடுத்ததற்குக் கரை திரும்பும்வரை ஓயாத கிண்டல் எல்லாம் இந்த வகை.

இதை எலிகளில் எப்படிச் சோதிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் விஷயம் தெளிவாகும். வளர்ந்த, பருத்த ஆண் எலி ஒன்றைப் பல வாரம் ஒரே கூண்டில் குடியிருக்க விடுவார்கள். அது அந்தக் கூண்டுக்குச் சொந்தக்காரன் ஆகிவிடும். பிறகு பிறந்து 35 நாளான இளம் எலியை உள்ளே விடுவார்கள். எலிக்கு அது மனிதக் கணக்கில் விடலைப் பருவத் தொடக்கம். சில நிமிடங்களில் பெரியது பாய்ந்து புரட்டும். சின்னது மல்லாந்து படுத்து ஒப்புக்கொடுத்ததும் இடையில் கம்பி வலையை இறக்கிவிடுவார்கள். அதன்பின் கடி கிடையாது. ஆனால் அடித்தவனின் வாடையும் உருவமும் வலைக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டே இருக்கும். 39-ஆம் நாள்வரை தினம் ஒரு முறை, மொத்தம் ஐந்து நாள். பிறகு அந்த இளம் எலி தன் போக்கில் வளரும். எடை, நடமாட்டம் எதிலும் பெரிய குறை தெரியாது.

வளர்ந்த பிறகு சோதித்தபோதுதான் வேறுபாடு தெரிந்தது. முன்மூளையின் நடுப்பகுதியில் டோபமைன் என்ற, நரம்புகளுக்கிடையே சேதி கடத்தும் வேதிப்பொருள் குறைந்திருந்தது. ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்கப் போதை மருந்தைக் கொடுத்தால் மற்ற எலிகளைவிடத் துள்ளல் கூடியது. அந்த மருந்து கிடைத்த அறையையே தேடிப் போனது. ஸ்பெயினின் வலென்சியாவில் சுண்டெலிகளில் செய்த இதே போன்ற சோதனைகளில், விடலைப் பருவத்தில் தோற்றவை வளர்ந்த பிறகு சாராயத்தைக் கூடுதலாகக் குடித்தன.

இதற்குக் காரணம் அந்த வயதில் மூளை இருக்கும் நிலை. ஆபத்து வந்தால் அட்ரினல் சுரப்பி கார்ட்டிசோலை விடுகிறது. எலியில் அதற்குக் கார்ட்டிக்கோஸ்டிரோன் என்று பெயர். வளர்ந்த விலங்கில் அது ஏறி, வேலை முடிந்ததும் இறங்கும். இளம் எலியில் பழைய அளவுக்குத் திரும்ப 45 முதல் 60 நிமிடம்வரை கூடுதலாகப் பிடிக்கிறது. சண்டை ஓய்ந்த பிறகும் உடம்பு சண்டையிலேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். இந்த ஹார்மோன், நடுமூளையிலிருந்து கிளம்பும் டோபமைன் நரம்புகளை உசுப்பிவிடுகிறது. ஆசையை எழுப்பும் பாதையும் போதைப் பொருள் பிடித்துக்கொள்ளும் பாதையும் அதுதான். அடுத்தடுத்த அவமானங்களில் அந்த நரம்புகள் சிறு தூண்டுதலுக்கே பெரிதாகப் பதில் சொல்லப் பழகிவிடுகின்றன.

இன்னொரு பக்கம் பிரேக். ஆசையை நிறுத்தி யோசிக்க வைக்கும் முன்மூளைக்கு டோபமைன் இழைகள் குழந்தைப் பருவத்தோடு போய்ச் சேர்ந்துவிடுவதில்லை. விடலைப் பருவம் முழுவதும் அவை அடிப்பகுதியிலிருந்து முன்பக்கம் நோக்கி வளர்ந்துகொண்டே இருப்பதை மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுண்டெலிகளில் காட்டியிருக்கிறார்கள். மனிதரில் முன்மூளை முழுதாகப் பக்குவப்பட இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும். அப்பா அடிக்கும் அடியும் நண்பர்கள் செய்யும் கேலியும், வேலை முடியாத இந்தக் கட்டுமானத்தின் மேல்தான் விழுகின்றன. ஆக்ஸிலரேட்டர் கூர்மையாகவும் பிரேக் மெலிந்தும் அமைந்துவிடுகின்றன. அதே அடியை வளர்ந்த எலி வாங்கினால் முன்மூளையில் இந்த மாற்றம் இப்படித் தங்குவதில்லை.

அடுத்து வருவதைத்தான் பெற்றோர், ஆசிரியர், சம்மாட்டி (படகுச் சொந்தக்காரர்) என எல்லாரும் அறிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் எலிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்குப் பத்து நாளில் நான்கு முறை மட்டும் தோல்வி. நடுவில் நிம்மதியான நாட்கள். மற்றக் கூட்டம் ஐந்து வாரம் ஓயாமல் பலசாலியின் கூண்டிலேயே கம்பி வலைக்குப் பின்னால் வாழ்ந்தது. பிறகு இரண்டுக்கும், நெம்புகோலை அழுத்தினால் கோகெய்ன் கிடைக்கும் ஏற்பாட்டைச் செய்தார்கள். விட்டு விட்டு அடிபட்டவை மணிக்கணக்கில் நிறுத்தாமல் எடுத்துக்கொண்டன. ஓயாமல் ஒடுங்கியவை குறைவாகவே எடுத்தன. ஆனால் அவற்றுக்கு இனிப்பு நீரில்கூட நாட்டம் போய்விட்டது. அதை நலம் என்று சொல்ல முடியாது. அது உள்ளுக்குள் வற்றிப்போன நிலை.

எப்போது வரும் என்று சொல்ல முடியாத, இடைவெளி விட்டு வரும் அவமானம்தான் போதை வேட்கையைக் கூர்தீட்டுகிறது. நல்ல பாடு (மீன் வரத்து) கிடைத்த நாளில் பிரியாணி வாங்கி வந்து மடியில் உட்காரவைத்துக் கொஞ்சி, பாடு இல்லாத நாளில் தெருவில் இழுத்துப்போட்டு அடிக்கும் வீட்டில் வளரும் பிள்ளையின் நிலை இதற்கு மிக அருகில் இருக்கிறது. கடல் தரும் வருமானமே ஏற்ற இறக்கம் உள்ளது. காற்று மாறினாலும் எல்லையில் படகு பிடிபட்டாலும் வீட்டின் மனநிலை ஒரே இரவில் தலைகீழாகும். கடலின் நிலையின்மையைப் பிள்ளை தாங்கிக்கொள்ளும். அந்த நிலையின்மை அப்பாவின் கை வழியாக வந்தால் தாங்குவது கடினம். அடித்து ஒடுக்கப்பட்டுப் பேசாமல் மூலையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை 'அமைதியான பையன்' என்று பாராட்டுவதும் தவறுதான். அவன் மற்றக் கூட்டத்து எலி.

எலியை வைத்து மனிதனை எவ்வளவு தூரம் அளக்கலாம்? ஓரளவுக்குத்தான். குரங்குகளில் ஒரு முக்கியமான சான்று உண்டு. 2002-இல் வெளியான ஆய்வில், தனித்தனியாக வாழ்ந்த நீள்வால் குரங்குகளை நான்கு நான்காகக் குழு சேர்த்தார்கள். தலைமை இடத்துக்கு வந்த குரங்குகளின் மூளையில் டி2 என்ற டோபமைன் ஏற்பிகள் கூடின. அவற்றைக் கோகெய்ன் அவ்வளவாக ஈர்க்கவில்லை. அடிமட்டத்தில் இருந்தவை நிறைய எடுத்தன. குழு சேரும் முன் இந்த ஏற்பிகளில் அவற்றிடையே வேறுபாடு இருக்கவில்லை. சமூகத்தில் கிடைத்த இடம்தான் மூளையை மாற்றியது. மனிதரில், 1998-இல் வெளியான சான் டியேகோ ஆய்வு பெரியவர்களிடம் அவர்களது சிறுவயதுத் துன்பங்களைக் கேட்டது. அடி, அவமதிப்பு, வீட்டில் குடி, தாய் அடிபடுவதைப் பார்த்தது என்ற வகையில் நான்கோ அதற்கு மேலோ பட்டவர்களுக்குக் குடிநோய், போதைப் பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம் 4 முதல் 12 மடங்கு கூடியிருந்தது.

இதை விதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரட்டையர் ஆய்வுகளின்படி போதை அடிமைத்தனத்தில் ஏறத்தாழப் பாதி பரம்பரைக்குப் போகிறது. அடிபட்ட எல்லா எலிகளும் மாறுவதில்லை. கணிசமான பங்கு தாங்கி நிற்கிறது. தாங்க வைப்பதில் தெளிவாகத் தெரிந்த ஒன்று துணை. தோற்ற எலியைத் தனியே அடைத்தால் பாதிப்பு நீள்கிறது. பழகிய கூட்டாளிகளோடு விட்டால் குறைகிறது. 2018-இல் வெளிவந்த சோதனை ஒன்றில், ஒரு நெம்புகோல் போதைப் பொருளையும் மற்றது பக்கத்து எலியிடம் போகும் கதவையும் திறந்தன. பழகிப்போன எலிகள்கூடப் பெரும்பாலும் கதவைத்தான் தேர்ந்தெடுத்தன.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஆய்வு குறைவு. பெரும்பாலும் ஆண் விலங்குகளையே சோதித்திருக்கிறார்கள். கிடைப்பதில் கவனிக்க வேண்டிய ஒன்று: விடலைப் பருவத்தில் தினம் ஒரு மணி நேரம் தனிமைப்படுத்தி, தினமும் கூண்டுத் தோழியை மாற்றியபோது, வளர்ந்த பெண் எலிகள் நிக்கோட்டினுக்கு மிகையாக எதிர்வினை காட்டின. அடி ஒன்றும் விழவில்லை; நிலையான தோழமை இல்லை, அவ்வளவுதான். அம்மா பாசி எடுக்கத் தீவுக்கும் நண்டுக் கம்பெனிக்கும் போக, பாட்டி வீடு, சித்தி வீடு, விடுதி என்று மாற்றி மாற்றி வைக்கப்படும் பெண் பிள்ளைக்கு அடி படவில்லையே என்று நினைத்து விட்டுவிடுகிறோம்.

இனி, பொருள் கைக்கு வருவது எப்படி என்று பார்க்கலாம். முதலில் வருவது பெரும்பாலும் பெட்டிக்கடைப் புகையிலைதான். உதட்டுக்குள் அடக்கிவைக்கும் கூல் லிப், ஹான்ஸ் வகைகளுக்குப் புகை இல்லை, வாடை குறைவு, வகுப்பிலேயே வைத்துக்கொள்ளலாம். அடுத்து பீர், பிராந்தி. கஞ்சாவும் வலி மாத்திரைகளும் பிறகு. இலங்கைக்குக் கடத்தும் வழியாக இருப்பதால் கஞ்சாவும் மாத்திரைப் பெட்டிகளும் இந்தக் கரையில் அடிக்கடி பிடிபடுகின்றன; கடத்தல் நடக்கும் கரையில் சரக்கு கொஞ்சம் சிந்தத்தான் செய்யும். யாரும் அதிகம் பேசாதது பைபர் படகுப் பட்டறை. ரெசின், தின்னர், பசை எல்லாம் மூடாத டப்பாவில் கிடக்கும். 2019-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பில், பெரியவர்களைவிடச் சிறுவர்கள் கூடுதலாகப் பயன்படுத்தும் ஒரே வகையாக முகர்ந்து ஏற்றும் இந்தப் பொருட்கள்தான் இருந்தன: சிறுவர்களில் 1.17 சதவீதம், பெரியவர்களில் 0.58 சதவீதம். பட்டறை வைத்திருப்பவர் சாயங்காலம் டப்பாக்களை அலமாரியில் வைத்துப் பூட்ட ஐந்து நிமிடம் போதும். முகர்ந்துகொண்டிருக்கும் பையனைக் கண்டால் கத்தித் துரத்தக் கூடாது. அந்த ஆவி இதயத்தை அட்ரினலினுக்குக் கூசும்படி ஆக்கிவைத்திருக்கும். பயந்து ஓடும்போது இதயத் துடிப்பு தாறுமாறாகி அங்கேயே உயிர் போகலாம். பக்கத்தில் போய் மெதுவாகப் பேசி, டப்பாவை வாங்கி, காற்றோட்டத்தில் உட்காரவைக்க வேண்டும்.

படகில் முதல் குடி வேறு மாதிரி வரும். படிப்பை விட்டுவிட்டு முதல் முறை தங்கலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போகும் பதினாறு வயதுப் பையனுக்கு அலைக்கடி, தூக்கமின்மை, பெரியவர்களின் ஏச்சு. கரைக்கு வந்ததும் பங்குக் காசு பிரிக்கும் இடத்தில் 'ஆம்பளையா இருந்தா அடி' என்று ஒரு டம்ளர் நீட்டுவார்கள். அதுவரை அவமதித்த கூட்டம் முதல் முறையாகச் சேர்த்துக்கொள்கிறது. அந்தச் சேர்த்துக்கொள்ளலும் சாராயமும் மூளையில் ஒன்றாகப் பதிந்துவிடும். 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் பிற்பாடு குடிக்கு அடிமையானார்கள், 20 வயதுக்கு மேல் தொடங்கியவர்களில் சுமார் 10 சதவீதம் பேர்தான் என்று 1997-இல் வந்த அமெரிக்க ஆய்வு சொல்கிறது. தொடக்கத்தை நான்கைந்து ஆண்டு தள்ளிப்போட முடிந்தால் அதுவே பெரிய காரியம். 18 வயது நிறையாதவருக்கு மதுவோ போதைப் பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கு, 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆவது பிரிவின்படி ஏழாண்டுவரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமும் உண்டு. படகில் டம்ளர் நீட்டும் கைக்கும் இது பொருந்தும் என்பதை மீனவர் சங்கக் கூட்டங்களில் ஒரு முறையாவது வாசித்துக் காட்ட வேண்டும்.

பள்ளிகளில் அழுகிய நுரையீரல் படம் காட்டி நடத்தும் விழிப்புணர்வு வகுப்புகளில் எங்களுக்கு நம்பிக்கை குறைவு. பயம் காட்டினால், ஏற்கெனவே அவமானத்தில் கொதித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்குக் கார்ட்டிசோல்தான் இன்னும் ஏறும். ஐஸ்லாந்து வேறு வழியில் போனது. அதுவும் மீன்பிடித்துப் பிழைத்த தீவுதான். 1998-இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய மாதத்தில் ஒரு முறையாவது போதை ஏறக் குடித்திருந்தார்கள். 2016-இல் அது 5 சதவீதம். தினம் புகைப்பவர்கள் 23-இலிருந்து 3 சதவீதம் ஆனார்கள். மாலை நேர விளையாட்டுக்கும் இசைக்கும் அரசே காசு கொடுத்தது. பெற்றோர்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் எழுதிக்கொண்டு, இரவு நேரத்தில் பிள்ளைகள் வெளியே திரிவதைக் கூடிக் கவனித்தார்கள். பிள்ளையைத் தனியே விடாமல், கீழேயும் தள்ளாமல் வைத்திருப்பதுதான் அந்தத் திட்டத்தின் உயிர்.

இந்தக் கரையில் அதைத் தடைக்காலத்தில் செய்யலாம். பெரிய நிதி எதுவும் வேண்டாம். தேர்வு முடிவு வரும் நாளில் மதிப்பெண்ணைப் பிறர் முன்னால் கேட்பதில்லை என்று தெருவே முடிவெடுக்கலாம். தோற்ற பிள்ளையை அன்று இரவு தனியே படுக்கவிடக் கூடாது. 'சாப்ட்டியாடா தம்பி' என்பதற்கு மேல் அன்று எதுவும் பேச வேண்டியதில்லை. கொதிப்பு அடங்க உடம்புக்கு நேரம் வேண்டும். நல்ல தூக்கம் இரண்டு இரவாவது வேண்டும். துணைத் தேர்வுக்கான விண்ணப்பம் முடிவு வந்த சில நாட்களிலேயே தொடங்கிவிடும், அதற்கு ஆசிரியரோ அக்காவோ கூடப் போக வேண்டும். எஞ்சின் பிரிக்கும் இடத்தில் அவனுக்கு ஒரு வேலையைப் பெயர் சொல்லிக் கொடுத்து, முடித்ததை நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். குரங்கின் டி2 ஏற்பி கூடியது இப்படி ஒரு மதிப்பான இடம் கிடைத்தபோதுதான். சாயங்காலக் கால்பந்து, கபடியை ஜெயிக்கும் அணிக்கு மட்டும் என்றில்லாமல் வருகிற எல்லாருக்கும் திறந்து வைக்க வேண்டும். பெஞ்சில் உட்காரவைத்துத் திருப்பி அனுப்பினால் அதுவும் ஒரு தள்ளிவைப்புத்தான்.

பழகிவிட்டானா என்று அறிய இரண்டு கேள்வி நிறையச் சொல்லும். தனியாக இருக்கும்போது எடுத்துக்கொள்கிறானா? மனசு ஆறவோ, கூட்டத்தில் ஒட்டிக்கொள்ளவோ எடுத்துக்கொள்கிறானா? இரண்டுக்கும் ஆம் என்றால் 'வயசுக் கோளாறு' என்று விடக் கூடாது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணிலும், போதை மீட்புக்கான 14446 என்ற தேசிய எண்ணிலும் கட்டணமின்றிப் பேசலாம், 1098 சிறுவர்களுக்கானது. மாவட்டத் தலைநகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சங்கிலியும் மொட்டையும் அடியும் சிகிச்சை ஆகாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தீப்பிடித்த மனநலக் காப்பகத்தில் 28 பேர் இறந்தார்கள்; சங்கிலியில் கட்டிவைத்திருந்ததால் ஓட முடியாமல் போனவர்கள். அவமானத்தில் பிறந்த வேட்கையை இன்னொரு அவமானத்தால் அடக்க முடியாது. போதைப் பொருளை விட்டுப் பல வாரம் ஆன எலியைக்கூட ஒரு சிறு அதிர்ச்சி மறுபடி நெம்புகோலுக்குத் திருப்புகிறது.

விடுகிற நேரத்துக்கு என்று சில ஆபத்துகள் உண்டு. பல மாதமாகத் தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் 6 மணி நேரத்தில் கை நடுங்கத் தொடங்கும்; 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம்; இரண்டாம், மூன்றாம் நாளில் புத்தி தடுமாறி இல்லாததெல்லாம் தெரியும். அந்த மூன்றாம் நாள் நடுக்கடலில் வந்தால், ஆள் கடலில் இறங்கிவிடக்கூடும். 'கடலுக்கு அனுப்பினால் குடி மறந்துவிடும்' என்று தங்கலுக்கு ஏற்றிவிடுவது உயிரோடு விளையாடுவது. நிறுத்துவது மருத்துவமனையில் நடக்க வேண்டும். வலி மாத்திரை, ஊசி வழக்கத்தில் இருந்தவருக்கு ஆபத்து, விட்டதை மறுபடி எடுக்கும்போதுதான். சில வாரம் விட்டிருந்தால் உடம்பின் தாங்கும் திறன் இறங்கிவிடும். பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுபோகும். உதடு நீலமாகி, கண்மணி குண்டூசி முனையாகச் சுருங்கி, மூச்சு நிமிடத்துக்கு நாலைந்தாகக் குறைந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108-ஐ அழைத்து, மூச்சைக் கவனித்துக்கொண்டு பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

சிகிச்சை முடிந்து வரும் பையன் எந்தப் படகில், யார் டிரைவராக இருக்கும் படகில் ஏறுவது என்பதை அவன் வரும் முன்பே வீட்டாரும் சம்மாட்டியும் பேசி முடித்துவிட வேண்டும். டம்ளர் நீட்டிய பழைய படகு வேண்டாம்.